இலை இல்லாத தெரளிக் கொழுக்கட்டை

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்துகொண்டு ஏற்கெனவே வென்றுவிட்டது போலச் சிரிக்கும் அடுக்களைக்காரர்களே, வாசகசாலை முற்றத்தில் கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களே, வணக்கம்.

"வீட்டுச் சாப்பாட்டின் ருசி பிறப்பது அடுக்களையிலா, விளையிலா?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் விளையின் பக்கம். நடுவர் மதுரையிலிருந்து வந்திருப்பதால் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் விளை என்றால் வீடு நிற்கும் மனையும் அதைச் சுற்றிய தோட்டமும் சேர்ந்தது. ஐந்து சென்டும் விளைதான், ஐந்து ஏக்கரும் விளைதான். களியக்காவிளையில் தொடங்கினால் இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் எத்தனை விளை என்று எண்ணி மாளாது. அடுக்களை என்று முடிகிற ஊர் ஒன்றாவது இருக்கிறதா? எதிரணியில் அடுத்துப் பேசுபவர் தேடிக்கொண்டு வரட்டும்.

நான் அடுக்களையை அறியாதவள் இல்லை. பிறந்தது தோவாளைத் தாலுகா. அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய தெருவீடுகள். வயல் ஊருக்கு வெளியே. வீட்டோடு தோட்டம் என்று எங்களுக்கு இருந்தது ஒரு துளசிச் செடி. ஆனால் எங்கள் அம்மா அவியலுக்குக் காய் வெட்டினால் தச்சன் அளவெடுத்து அறுத்தது போல இருக்கும். காயெல்லாம் வடசேரிச் சந்தையிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வரும். அப்பா பை நிறைய வாங்கி வந்து கீழே வைப்பார். அம்மா ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சின் அர்த்தம் கல்யாணமாகி மார்த்தாண்டம் பக்கம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

வந்த மறுநாளே மாமியார் கிச்சடி செய்யச் சொன்னார். (நடுவர் அவர்களே, மதுரையின் ரவைக் கிச்சடியை மறந்துவிடுங்கள். இது வெள்ளரிக்காயைத் தயிரில் போட்டு, தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்து, கடைசியில் கடுகைப் பச்சையாக நசுக்கிப் போடுவது.) "வெள்ளரிக்காய் எங்கே இருக்கிறது மாமி?" என்று கேட்டுக்கொண்டே நான் அலமாரியைத் திறந்தேன். அவர் என் கையில் பிச்சாத்தியை, அதாவது கத்தியை, கொடுத்து, "கிணற்றுக்குக் கிழக்கே கிடக்கிறது, மக்களே" என்றார். போய்ப் பார்த்தால் கொடி தரையோடு படர்ந்து, காய் இலைக்கடியில் பனி நனைந்து கிடக்கிறது. அதைத் தூக்கியபோது என் உள்ளங்கை குளிர்ந்தது இன்றும் நினைவிருக்கிறது.

சில வீடுகளில் கிச்சடிக் காயை வேகவைப்பார்கள். என் மாமியார் உப்புப் பிசறி வைப்பதோடு சரி. வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். பறித்த நேரத்திலிருந்து அது வற்றத் தொடங்குகிறது. சந்தையில் ஒரு நாள், கடையில் ஒரு நாள், நம் வீட்டுப் பையில் ஒரு நாள் கிடந்த காயைக் கடித்தால் நறுக்கென்று கேட்கும்படி செய்ய எந்தக் கைப்பக்குவத்தாலும் முடியாது. எங்கள் அம்மாவின் பெருமூச்சு அதற்குத்தான்.

"பச்சைக் காயை ஆடுகூடத்தான் தின்கிறது, சமைத்துச் சாப்பிடுகிறவன்தான் மனிதன்" என்று எதிரணித் தலைவர் சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். அண்ணாச்சி ஆடு வளர்த்ததில்லை என்று தெரிகிறது. மண்ணில் விழுந்து மிதிபட்ட குழையை ஆட்டுக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாடிய முட்டைக்கோஸை மையோனைஸில் முக்கி, சாலட் என்று பெயரிட்டுத் தட்டில் வைத்தால் நாம்தான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறோம்.

எங்கள் விளையில் கிடைப்பதை வைத்து ஒரு பச்சடி சொல்கிறேன், வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். செங்காயாக நிற்கும் ஓமக்காயைப் பறித்துத் துருவிக்கொள்ளுங்கள். மதுரையில் அதற்குப் பப்பாளி என்று பெயர். பிலிம்பி என்கிற புளிச்சிக்காய் இரண்டை மெல்லிசாக அரிந்து போடுங்கள், எலுமிச்சை தேவைப்படாது. நான்கு சின்ன வெங்காயம், ஒரே ஒரு காந்தாரி மிளகாய், உப்பு, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. முடிந்தது. அடுப்புக்கு இதில் வேலையே இல்லை. அந்தக் காந்தாரியை யாரும் நட்டதும் இல்லை. பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது, அது தின்றுவிட்டுப் போகிற வழியில் எச்சமிட்ட இடத்தில் முளைத்த செடி. எங்கள் வீட்டுக் கூலியில்லாத் தோட்டக்காரன் மைனா. கழுவாமல் மட்டும் தின்றுவிடாதீர்கள். விளைக் காய் என்றாலும் மண்ணும் சாணமும் பட்ட காய்தான்.

சந்தையில் எல்லாம் கிடைக்கிறதே என்றார் ஒரு சகோதரி. கிடைக்கிறது. கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் இரவு பன்னிரண்டு மணிக்கு நின்றால் காய்கறி லாரிகளைப் பார்க்கலாம். 2015 வாக்கில் நம் பக்கத்திலிருந்து போகிற காயில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று கேரளத்தில் பெரிய பேச்சு எழுந்தது. யார் சரி, யார் தவறு என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகத்தில் கடைக் காயைச் சோதித்தார்கள், புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவச் சொன்னார்கள். அது அடுக்களை வேலை, ஒப்புக்கொள்கிறேன். கூடவே வீடு வீடாக விதைப் பொட்டலம் கொடுத்து 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி' (ஒரு முறம் காய்கறி) என்று அரசே திட்டம் போட்டது. சந்தேகம் வந்ததும் அரசு கையில் எடுத்தது அகப்பையையா, மண்வெட்டியையா?

எதிரணியில் ஒருவர் உண்மையாகவே எங்களை அடித்தார். "மரச்சீனியில், அதாவது மரவள்ளிக் கிழங்கில், நஞ்சு இருக்கிறது. வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி அதை உணவாக்கியது அடுக்களை" என்றார். சரியான அடி. கசப்பு மரச்சீனியில் சயனைடு உண்டு, அதை வடிக்கத் தெரிந்த கைகளுக்கு என் வணக்கம். ஆனால் அந்தக் கிழங்கு நம் விளைக்கு வந்த கதையையும் அவர் சொல்லியிருக்கலாம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பான் வசம் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அன்றைக்குத் திருவிதாங்கூரில் அடுக்களை இல்லாத வீடு இருந்ததா? பானை இருந்தது, அகப்பை இருந்தது, அம்மாக்களின் கைப்பக்குவமும் இருந்தது. பானைக்குள் போட இருந்தது விளையில் நின்ற மரச்சீனி மூடு, அதாவது மரச்சீனிச் செடி.

இனி இனிப்புக்கு வருகிறேன். எதிரணி முழுவதும் நம்பியிருப்பது அதைத்தான். பாயசம் மரத்தில் காய்க்குமா என்று கேட்டார்கள். காய்க்காது. சக்கைப்பழத்தைச் சுளை எடுத்து, கருப்பட்டியும் நெய்யும் விட்டு, கை சலிக்கச் சலிக்கக் கிளறி வரட்டி வைத்தவள் நான். தோள் வலி இரண்டு நாள் இருக்கும். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசினால் என் தோளே என்னை மன்னிக்காது.

ஆனால் என் கொழுக்கட்டைக் கதையைக் கேளுங்கள்.

எங்கள் கிணற்றுக்கரையில் ஒரு தெரளி மரம் நின்றது. பட்டை மரத்தின் பங்காளி அது, இலையைக் கசக்கினால் கறிமசாலாவும் பூவும் கலந்தது போல ஒரு மணம். மாசி மாதம், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடையும் ஆற்றுகால் பொங்காலையும் வரும் நாட்களில், மாமியார் பச்சரிசி மாவு வறுப்பார். கருப்பட்டி, தேங்காய்த் துருவல், ஏலக்காய், நன்றாகப் பழுத்த மட்டி வாழைப்பழம். எல்லாவற்றையும் பிசைந்து, தெரளி இலையைக் கூம்பாகச் சுருட்டி, மாவை அடைத்து, ஈர்க்கிலால் குத்தி ஆவியில் வைப்பார். பாத்திரத்தைத் திறக்கும்போது மணம் சாலை வரைக்கும் போகும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மட்டிப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அதற்கு முன்பே அது குழந்தையின் முதல் பழம். பழம் மரத்திலேயே முற்றிப் பழுத்திருந்தால் கருப்பட்டி பாதி போதும். கருப்பட்டி உடம்புக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று எதிரணி அக்கா சொன்னதை யாரும் நம்பிவிட வேண்டாம். அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான், நீரிழிவுக்குக் கருப்பட்டி, சீனி என்ற பேதம் தெரியாது. இனிப்பைக் குறைக்க ஒரே நேர்மையான வழி நல்ல பழம். கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த பழத்தில் தோலுக்குத்தான் மஞ்சள், உள்ளே இனிப்பு ஏறியிருக்காது. அந்தக் கல் வைப்பது சட்டப்படி தடை. ஆனாலும் வைக்கிறவர்கள் வைக்கிறார்கள்.

பாகம் பிரித்தபோது கிணற்றுக்கரைத் துண்டு கொழுந்தனாருக்குப் போனது. ரப்பருக்கு விலை ஏறியிருந்த காலம். மற்ற மரங்களோடு தெரளியும் போனது. அதற்கு நான் அவரைக் குறை சொல்லவில்லை, எங்கள் பாகத்திலும் ரப்பர் நிற்கிறது. அடுத்த மாசி வந்தது. அதே அடுக்களை, அதே மாமியார், அதே மாவு. சந்தையில் வாங்கிய இலை மூன்று நாள் கட்டாகக் கிடந்து காய்ந்து, சுருட்டும்போதே கிழிந்தது. வாழை இலையில் வைத்து அவித்தேன். மாமியார் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். "கொழுக்கட்டை நன்றாக இருக்கிறது, மக்களே" என்றார். தெரளி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்கடுத்த மாசியில் மாவு வறுக்கச் சொல்லவும் இல்லை.

அடுக்களையில் எந்தக் குறையும் இல்லை, நடுவர் அவர்களே. ஒரு மரம் குறைந்தது, ஒரு பலகாரம் வீட்டை விட்டுப் போய்விட்டது. என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். செய்முறையைக் கைபேசியில் எழுதி வைத்திருக்கிறாள், கிராம் கணக்கோடு. இலை என்று வருகிற வரியில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

"விளை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமுமாக 400 கிராம் சொல்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு கிலோ. அதை ஐந்து சென்டில் தினமும் எடுத்துவிடுவேன் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் புடலையில் பழ ஈ குத்துகிறது, சிரட்டையில் பாளையங்கோட்டான் வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்துப் பொறி கட்டினாலும் பாதிதான் தப்புகிறது. போதாததற்கு மயில் வேறு. ஆனால் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு வாழை மூடும் இரண்டு சேம்பும் நட, உடைந்த வாளியில் ஒரு காந்தாரி வைக்க யாருக்கும் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். 'கும்பத்தில் நட்டால் குடத்தோளம்', அதாவது குடம் அளவு, என்று சேனையைப் பற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் சொல்வார்கள். நம் மாசி மாதம்தான் அவர்களுக்குக் கும்பம்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம். மேடைக்குப் பின்னால் ஒரு தெரளிக் கன்று வைத்திருக்கிறேன், போன பருவமழையில் எங்கள் விளையில் நட ஒன்று வாங்கியபோது சேர்த்து வாங்கியது. அதை எதிரணித் தலைவருக்குக் கொடுக்கிறேன். அண்ணாச்சி வீட்டு அம்மாவின் கைப்பக்குவத்தை ஊரே புகழ்கிறது. அவர்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேரே, நான்கு அடி தள்ளி நடச் சொல்லுங்கள். இலை பறிக்கும் அளவுக்கு வளரச் சில வருடம் ஆகும்.