கணக்கேட்டில் எழுதப்படாத உதை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியோரே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"ஒரு மக்கள் கூட்டத்தின் அடையாளத்தை உருவாக்குவதில் முந்தி நிற்பது பிழைப்பும் சட்டமுமா, கலையும் இலக்கியமுமா" என்ற வினாவில், கலையும் இலக்கியமுமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மனிதனுக்கு முதலில் கூலி வேண்டும், குடியுரிமை வேண்டும், காலூன்ற ஒரு துண்டு நிலம் வேண்டும், பாட்டும் கூத்தும் கதையும் அதற்குப் பிறகு ஓய்வில் பிறப்பவை என்றார். சான்றாக, இலங்கையின் மலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழரைக் காட்டினார். இருநூறு ஆண்டுகள் உழைத்தும் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட 2021 வரை காத்திருந்த மக்களுக்குக் கூத்து என்ன கொடுத்துவிட்டது என்று கேட்டார். நான் வேறு சான்று தேடிப் போகவில்லை. அவர் காட்டிய மக்களைப் பற்றியே பேசுகிறேன். நான் அவர்கள் வீட்டுப் பெண்.

என் பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்டவர்களில் ஒருவராகக் கடல் தாண்டி வந்து, நீலகிரியின் கோத்தகிரியில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் தாலாட்டும்போதும், கொழுந்து எடுக்கும்போதும், இழவு வீட்டிலும் பாடிய பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றுள் ஒன்று, மலைச்சரிவில் ஏறிக் கோப்பிப் பழம் பறிக்கும்போது ஒரு பழம் தவறிப்போயிற்று என்பதற்காகத் தோட்டத்து உதவி மேலாளனான சின்னத்தொரை உதைத்தான் என்று சொல்லும் பாட்டு. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலரும் பாடிய பாட்டு அது.

இந்தப் பாட்டின் வயதை அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 1820களில் இலங்கையில் காப்பிப் பயிர் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே சென்றார்கள். வழியில் காய்ச்சலாலும் பசியாலும் விழுந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. 1869இல் காப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்த மலைகளை மூடியது. என் பாட்டி பிறந்தபோது காப்பிக் காலம் முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தான் பறிக்காத பழத்துக்காக, தன் மேல் விழாத உதைக்காக, அவர் வாழ்நாள் முழுவதும் பாடிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து அலுவலகத்தில் கணக்கேடு இருந்தது. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எத்தனை இறாத்தல் கொழுந்து எடுத்தார், கங்காணிக்கு எவ்வளவு கடன் பட்டிருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருந்தது. எதிரணியினர் முதலிடம் கொடுக்கும் பிழைப்பின் ஏடு அதுதான். அந்த ஏட்டில் உதை இல்லை. உதைபட்டவன் வெட்கப்பட்டானா, வெகுண்டானா, இரவில் மனைவியிடம் என்ன சொன்னான் என்பதும் இல்லை. அதைப் பாட்டு எடுத்து வைத்துக்கொண்டது. ஒருவன் மேல் விழுந்த உதையை நூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு கூட்டமே தன் மேல் விழுந்ததாக உணர்கிறது என்றால், அந்த உணர்வுக்குப் பெயர்தான் அடையாளம். கூலிச் சீட்டு அந்த உணர்வைத் தந்திருக்க முடியாது, ஏனென்றால் அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதப்பட்டது.

அடுத்து, உரிமைப் போராட்டம்தான் அவர்களை ஒன்றாக்கியது, பாட்டு அன்று என்றார் எதிரணித் தலைவர். போராட்டத்தின் பெருமையை நான் ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் போராட்டம் லயங்களுக்குள் எப்படி நுழைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். தோட்டம் துரைமார்களின் தனிச்சொத்து. வெளியார் உள்ளே வருவது குற்றம். தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், துணி விற்பவராக வேடம் பூண்டுதான் தோட்டங்களுக்குள் போய் மக்களைப் பார்க்க முடிந்தது. அவர் 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளர் படும் துயரைப் பாடல்களாக இயற்றித் தாமே மேடைகளில் பாடினார். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மக்களிடம் துண்டறிக்கை செய்ய முடியாததைப் பாட்டு செய்தது. கூட்டம் முடிந்து மக்கள் மலையேறித் தத்தம் தோட்டங்களுக்குத் திரும்பும்போது, காவல்காரனால் பறிக்க முடியாத ஒன்று அவர்கள் நாவில் இருந்தது. கூலி உயர்வுக்கான குரலே பாட்டின் தோளில் ஏறித்தான் லயத்துக்குள் வந்தது.

காமன் கூத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன், நடுவர் அவர்களே. மாசி மாத வளர்பிறையில் கம்பம் நடுவதோடு அது தொடங்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுப்பாள், மன்மதன் போவான், நெற்றிக்கண்ணில் எரிவான், ரதி புலம்புவாள். ஏறத்தாழ அரை மாதம் ஒரு தோட்டமே அந்தக் கதைக்குள் வாழும். வேடம் கட்டுபவர்கள் விரதம் இருப்பார்கள். கூத்து ஓரிடத்தில் நில்லாமல் லயம் லயமாகப் போகும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சென்ற கூத்துதான் அது. ஆயினும் மலைக்குப் போன பிறகு அது வேறு பொருள் பெற்றது என்பது என் துணிபு. போகாதே என்று தடுத்தும் ஏவியவர் சொல்லுக்காகப் போய் எரிந்தவனுக்காக ஒருத்தி புலம்பும் காட்சியை, கணவனையும் பிள்ளையையும் கங்காணியின் பேச்சை நம்பி இழந்தவர்கள் பார்க்கிறார்கள். அவர்கள் அழுதது புராணத்துக்காக மட்டும் இருந்திருக்குமா?

அந்தக் கூத்தில் ஒலிக்கும் தப்பு என்னும் பறையையும் நினைவில் கொள்ள வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, வா என்று ஆட்களை எழுப்ப அடிக்கப்பட்டதும் அதே தப்புதான். பகலில் வேலைக்கு விரட்டிய அதே தோல், மாசி இரவில் அவர்களுடைய சொந்த நேரத்தைத் தொடங்கி வைத்தது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்வது என் கடமை. தப்பு அடிக்கும் வேலை ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்டது. ரதி வேடத்தைக் கூட ஆண்களே கட்டினார்கள், பெண்கள் பார்வையாளர்களாகவே நிறுத்தப்பட்டார்கள். கலை கொடுத்த அடையாளம் குற்றமற்றது என்று நான் வாதாடவில்லை. வடுக்களையும் சேர்த்துத்தான் அது அவர்களை வடித்தது.

இனி, எதிரணியினர் பெரிதும் நம்பியிருக்கும் சட்டத்துக்கு வருகிறேன். 1947 தேர்தலில் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகளாக ஏழு பேரை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவ வேண்டும் என்றது. பிறப்பே பதியப்படாத லயங்களில் அதை எப்படி நிறுவுவது? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்று ஆனார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தது. அப்படிப் பங்கு பிரிக்குமுன் அந்த மக்களிடம் கேட்கப்படவில்லை. சட்டம் தந்த அடையாளம் என்ன என்பதை என் குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். அங்கே இருந்தவரை என் பாட்டி இந்தியாக்காரி. இங்கே வந்து சேர்ந்த நாள் முதல் சிலோன்காரி. இரண்டு அரசுகளின் ஏடுகளும் அவரை அடுத்த கரைக்கு உரியவராகவே எழுதின.

அந்த நாட்களில் மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. உறவுகள் இரண்டாகப் பிரிந்து, உயிரோடு இருப்பவர்களுக்காகவே ரயில் நிலைய நடைமேடையில் நின்று ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பந்தத்தின் பக்கங்களில் 'திருப்பி அனுப்புதல்' என்று எழுதப்பட்டிருந்ததை, பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் சாவு என்று அறிந்தார்கள். அப்படி அறிந்து சொல்ல அவர்களுக்கு ஒரு பாட்டு வடிவம் முன்பே கையில் இருந்தது. ஒப்பாரியைத் தெரியாத ஒரு கூட்டம் அந்த ரயிலுக்கு என்ன பெயர் வைத்திருக்கும்?

'மலையகம்' என்ற சொல்லும் எந்த அரசாணையிலும் பிறக்கவில்லை. குடிசனக் கணக்கெடுப்பு அவர்களை நெடுங்காலம் இந்தியத் தமிழர் என்றே குறித்தது. தெருவில் அழைக்கப்பட்ட பெயர்கள் இன்னும் கொடியவை, அவற்றை இந்த அவையில் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெயர்களுக்கெல்லாம் மாற்றாக மலையகம் என்ற சொல்லை ஊன்றி வளர்த்ததில் ஆசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, பதவி போன பின்பும் தம் மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டினார், கவிதையும் நாவலும் எழுதினார். 1960களில் வீரகேசரி நாளிதழ் மலையகச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியபோது, லயத்துப் பிள்ளைகள் தங்கள் தாயின் நாளைக் கதையாக எழுதினார்கள். குடியுரிமை இல்லாத காலத்தில் எழுதப்பட்ட கதைகள் அவை. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமைச் சிக்கலைத் தீர்ப்பதற்குள், நாங்கள் மலையகத்தார் என்று சொல்லும் ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்திருந்தது. எதிரணியினர் சொல்லும் வரிசை இங்கே தலைகீழாக நடந்திருப்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2023இல், முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் மறுபடியும் நடந்தார்கள். இறந்தவர்களின் பட்டியலோ பதிவேடோ அவர்கள் கையில் இல்லை. அந்த வழியின் துயரம் பாட்டாகவும் கதையாகவும் அவர்களை வந்தடைந்திருந்தது.

என் பாட்டி கடல் தாண்டியபோது அரசு கொடுத்த குடும்ப அட்டையைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். இங்கே அவருக்கு வேலையும் வீடும் கிடைக்க அந்த அட்டைதான் உதவியது, அதை நான் மறுக்கவில்லை. அதில் அவர் பெயர், வயது, தலைகளின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. அவர் யார் என்று நான் தெரிந்துகொண்டது கோப்பிப் பழத்துப் பாட்டிலிருந்து. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்த உதை எந்தச் சட்டத்தில், எந்தக் கணக்கேட்டில், எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை இந்த அவைக்குக் காட்டட்டும். காட்டினால் என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.