சண்டே மார்க்கெட்ல 350 ரூபாய்க்கு மொரோடர்! மாமாவுக்கு என் பதில்

வணக்கம், வணக்கம். பின்னாடி மோட்டார் ஓடுது, தண்ணி ஏத்துறாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க. இன்னிக்கு சமையல் கிடையாது. இதைப் பாருங்க. கிட்ட காட்டுறேன். டோனா சம்மர், ‘ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே’, 1977ல வந்த எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு. ரெண்டாவது பக்கத்துல கடைசிப் பாட்டு ‘ஐ ஃபீல் லவ்’. பாடினது டோனா சம்மர், பாட்டைப் பண்ணினது ஜார்ஜியோ மொரோடர்ங்கிற இசையமைப்பாளர். இதுக்காக நான் எத்தனை ஞாயித்துக்கிழமை நம்ம பாண்டிச்சேரி காந்தி வீதியில வெயில்ல குந்திக்கிட்டு பெட்டி பெட்டியா கிளறியிருக்கேன்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும்.

கடைக்காரர் 600 சொன்னாரு. “சொல்தா வீட்டு சாமான்மா, பாரீஸ்லேர்ந்து வந்தது”ன்னாரு. சொல்தான்னா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்க. நான் 250ல ஆரம்பிச்சேன். அவரு 500. நான் எழுந்து பக்கத்துல ஸ்க்ரூடிரைவர் செட் பாக்கப் போயிட்டேன். கூப்பிட்டாரு. 350! பழைய பேப்பர் சுத்தி கையில குடுத்தாரு. அந்த சந்தோஷம் இன்னும் அடங்கலை எனக்கு.

சரி, இதை ஏன் இப்பப் பேசுறேன்? மாமாதான் காரணம். நம்ம மாமா, தவில் வாசிக்கிறவரு, தீபாவளி வீடியோவுல வார் பிடிச்சுக் காட்டினாரே, அவரேதான். போன மாசம் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரத்துல மண்டபத்துக்காரங்க ஸ்பீக்கர்ல கெட்டிமேளத்தைப் போட்டுட்டாங்க. ஆளு உயிரோட தவிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, பெட்டி கொட்டுது! எனக்கே வயிறு எரிஞ்சுது. வீட்டுக்கு வந்து, “மிஷின் பாட்டு எல்லாம் ஒரு பாட்டா? பட்டனைத் தட்டினா வந்துடுது. உழைப்பு எங்க இருக்கு?”ன்னாரு. அவர் கோவம் நூத்துக்கு நூறு நியாயம். ஆனா பட்டனைத் தட்டினா வந்துடுதுன்னாரு பாருங்க, அதை மட்டும் என்னால விட முடியலை.

ஏன்னா ‘ஐ ஃபீல் லவ்’வும் மிஷின் பாட்டுதான், ஆனா இதைப் பண்ண மொரோடர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஜெர்மனியில மியூனிக், ஒரு பெரிய கட்டடத்துல தரைக்குக் கீழ மியூசிக்லேண்ட் ஸ்டூடியோ. எல்பியில ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு காலத்து வாசனையில இருக்கணும், கடைசிப் பாட்டு எதிர்காலமா இருக்கணும். இதுதான் அவரும் கூட்டாளி பீட் பெலட்டும் போட்ட திட்டம். எதிர்காலத்துக்கு எந்த வாத்தியம்? மூக் சிந்தசைசர், கரண்டுலயே சத்தத்தை உண்டாக்குற மிஷின். இப்ப கல்யாணக் கச்சேரியில வர்ற கீபோர்டை நினைச்சுக்காதீங்க. பீரோ சைஸ். முன்னாடி பூரா ஓட்டை, ஒரு ஓட்டையிலேர்ந்து இன்னொண்ணுக்கு வயரு, அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. மிஷின் அவரோடதுகூட இல்லை, எபர்ஹார்ட் ஷோனர்ங்கிற இசையமைப்பாளரோடது. அதை ஓட்டத் தெரிஞ்ச ராபி வெடல்தான் கூடவே இருந்து, டேப்புல ஒரு தடத்துல டிக் டிக்னு கிளிக் சத்தத்தைப் பதிச்சு, அந்தத் துடிப்புக்கு மிஷினை கட்டிப்போட்டாரு.

இப்ப கவனிங்க. அந்த மிஷின்ல சுருதி நிக்காது. 20, 30 செகண்ட் வாசிச்சா நழுவிடும். நிறுத்து, சுருதி சேரு, மறுபடி 20 செகண்ட் பதி, மறுபடி நிறுத்து. கிட்டத்தட்ட ஆறு நிமிஷப் பாட்டு! சுருதி சேக்குறது என்ன வேலைன்னு மாமாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த பேஸ், அடியில ஓடுற கனமான சத்தம் இருக்கே, ஹெட்போன் போட்டுக் கேளுங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா பாவம். ஒரு சுரம் ஒரு காதுல விழுது, அதோட எதிரொலி நூலளவு தள்ளி மறு காதுல விழுது. வாசிச்சது ஒரு மடங்கு, நமக்குக் கேக்குறது ரெண்டு மடங்கு ஓட்டம். உடம்பு தானா ஆடும். இதைக் கேட்டுட்டு பிரையன் ஈனோங்கிற இசைக்கலைஞர், பாடகர் டேவிட் போவிகிட்ட ஓடிப்போய் எதிர்காலத்தோட சத்தத்தைக் கேட்டேன்னு சொன்னதா போவியே சொல்லியிருக்காரு.

ஆங், ஊசிக் கதையை விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து போட்டா, சரியா இந்தப் பாட்டு வந்ததும் ஊசி தாவுது. மத்த ஏழு பாட்டும் சுத்தமா ஓடுது! டிஸ்டில்டு வாட்டர்ல கழுவினேன், தாவுது. ஒரு கடையில “ஊசி போயிடுச்சு, மாத்துங்க”ன்னாங்க. 1,850 ரூபாய். மாத்தினேன், அப்பவும் தாவுது. திருப்பி எடுத்துக்கங்கன்னா, பிரிச்ச பொருளை எடுக்க மாட்டாங்களாம். ரெக்கார்டு 350, ஊசி 1,850, இது எந்த ஊர் நியாயம்? கடைசியில பெரிய மார்க்கெட் பக்கம் ரேடியோ ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர், ஊசியைத் தாங்குற பிளேயர் கையோட பின்பக்கம் இருக்குற எடையை லேசா ஒரு திருகு திருகினாரு. ஊசி பாரம் பத்தலையாம், ஒரு கிராம்தான் இருந்திருக்கு, ரெண்டு வேணுமாம். சரியாயிடுச்சு. காசே வாங்கலை. டீ மட்டும் வாங்கிக் குடுத்தேன்.

மொரோடர் எங்க பொறந்தாருன்னே சொல்லலை பாருங்க. 1940, இத்தாலியோட வடக்குல, ஆல்ப்ஸ் மலையில ஓர்டிசேய்னு சின்ன ஊர். ஊர் ஊரா ஹோட்டல்ல கிட்டார் வாசிச்சுத்தான் மேல வந்தாரு. 1979ல ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ பட இசைக்கு ஆஸ்கர், அதுவும் பெரும்பாலும் சிந்தசைசர்தான். அப்புறம் பாட்டுக்கு ரெண்டு ஆஸ்கர். 2013ல, 73 வயசுல, டாஃப்ட் பங்க்னு பிரான்ஸ் நாட்டு இசை ஜோடி கூப்பிட்டு உக்கார வெச்சு அவர் கதையை அவர் குரல்லயே ஒரு பாட்டா பண்ணினாங்க. அந்தப் பாட்டு எனக்கு உயிர். ‘ஐ ஃபீல் லவ்’வோட ரீமிக்ஸ்கள் மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, மூலத்துல கை வைக்கவே கூடாது.

நேத்து சாயந்திரம் மாமாவை உக்கார வெச்சேன். கண்ணை மூடிக்கிட்டு கேட்டாரு. நான் சொன்னேன், “மாமா, இதுல பாடுற குரலை விட்டா வாத்தியம் எல்லாமே மிஷின், ஒண்ணைத் தவிர. தட்தட்னு அடியில போவுதே, அந்த கிக் டிரம், காலால மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம். மிஷின்ல அந்த அடி வரலை, கனம் பத்தலை. அதனால ஒரு மனுஷனை உக்கார வெச்சு, வேற எதையும் தொடாம, அதை மட்டும் பாட்டு முழுக்க அடிக்க வெச்சாங்க.”

கண்ணைத் தொறந்துட்டாரு. “முழுக்கவா? தீர்மானம் கீர்மானம் எதுவும் இல்லாமயா?” தாளத்தை முடிக்கிற அடிகளைத்தான் தீர்மானம்னு சொல்றாரு.

“எதுவும் இல்லை மாமா. ஒரே அடி.”

“அது ரொம்பக் கஷ்டம்மா”ன்னாரு. தவிலுக்காகக் கூடு மாட்டி மாட்டிக் காய்ப்பு ஏறின விரல், அது பாட்டுக்கு தொடையில தட்டிக்கிட்டே இருக்கு. “யாரு அந்தப் பையன்?”

“கீத் ஃபோர்சி. பின்னாடி 1984ல, மொரோடர் மெட்டுக்குப் பாட்டு எழுதினதுல ஒருத்தரா, அவர் கூடவே ஆஸ்கர் வாங்கினாரு.”

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாரு, “ஊசியை மறுபடி வை. இந்த வாட்டி அவனை மட்டும் கேக்குறேன்.”