கப்பலில் நின்ற சமையல்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

1895 ஆகஸ்ட் மாதம். சீனாவிலிருந்து வந்த 'காப்டிக்' என்ற நீராவிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் நிற்கிறது. அதில் வோங் கிம் ஆர்க் என்ற இளைஞர் இருக்கிறார். சமையல் வேலை செய்பவர். பிறந்தது இதே ஊரில், சாக்ரமெண்டோ தெருவில். சீனாவுக்குப் போகும் முன்பே, "இவர் இங்கே பிறந்தவர்தான்" என்று சாட்சிகள் கையெழுத்திட்ட தாளையும் தயார் செய்துவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் சுங்க அதிகாரி அவரை இறங்க விடவில்லை. பெற்றோர் சீனர்கள், அதனால் நீயும் குடிமகன் இல்லை என்றார்கள். சொந்த ஊர் கண்ணெதிரே இருக்க, மாதக்கணக்கில் அவரைக் கப்பல் மாற்றிக் கப்பலில் வைத்திருந்தார்கள்.

அவர் கையில் இன்னொரு பிடி இருந்தது: அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம். அது வந்த கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1857இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை, தன் விடுதலைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று தலைமை நீதிபதி டேனி எழுதிவிட்டார். அடிமையாக இல்லாத கறுப்பர்களுக்கும் அதே கதிதான். உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்த கையோடு தென்மாநிலங்கள் புதிய சட்டங்களைப் போட்டன. வேலை ஒப்பந்தம் இல்லாமல் திரியும் கறுப்பரைப் பிடித்து அபராதம் போடலாம், கட்டாவிட்டால் வேலைக்கு ஏலம் விடலாம். பெயர் மாறியது, நுகத்தடி மாறவில்லை.

1866இல் நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதற்கு ஒப்புதல் தர மறுக்க, நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. சரி, நாளை வேறு ஆட்கள் வந்து இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால்? அதனால்தான் அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். நாட்டிலிருந்து பிரிந்துபோய்ப் போரில் தோற்ற தென்மாநிலங்களில் டென்னசி தவிர மற்றவை மறுத்தன. இதை ஏற்றால்தான் நாடாளுமன்றத்தில் மறுபடி இடம் என்று 1867இல் நிபந்தனை வந்தது. 1868 ஜூலையில் திருத்தம் நிறைவேறியது.

அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவர் எவரும் குடிமகன். இது முதல் வாக்கியம். அதற்கப்புறம் வருவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்: எந்த மாநிலமும் தன் எல்லைக்குள் இருக்கும் 'எந்த நபருக்கும்' சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது. குடிமகன் என்றல்ல, நபர் என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், குடியுரிமை இல்லாத சீன சலவைக்காரர்கள் 1886இல் சான் பிரான்சிஸ்கோ நகராட்சிக்கு எதிராக வென்றார்கள். மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த வெள்ளையருக்கு அனுமதி கிடைத்தது, சீனருக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தின் எழுத்து பொதுவாக இருந்தாலும் கை ஓரவஞ்சனை செய்தால் செல்லாது என்றது நீதிமன்றம். நம் அரசியலமைப்பின் 14ஆவது பிரிவிலும் அதே 'எந்த நபருக்கும்', அதே 'சமப் பாதுகாப்பு' இருப்பதைப் பாருங்கள். அங்கிருந்து வந்த சொற்கள் அவை.

திருத்தம் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. பழங்குடி மக்களுக்குப் பொதுவான குடியுரிமை 1924இல்தான் வந்தது. 'தனித்தனியாக, ஆனால் சமமாக' என்று சொல்லிக் கறுப்பர்களை ஒதுக்கியதை இதே நீதிமன்றம் 1896இல் ஏற்றுக்கொண்டது. பள்ளிகளில் அது தவறு என்று சொல்ல 1954 ஆனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். இடையில் எத்தனை தலைமுறைக் குழந்தைகள்!

வோங் வழக்குக்கு வருகிறேன். 1898 மார்ச் 28இல், ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், இங்கே வாழ்பவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளை குடிமகன்தான் என்றது. இன்று அமெரிக்காவில் பிறக்கும் நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கடவுச்சீட்டு வாங்கும்போது அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறார்கள். 2025 ஜனவரியில் அதைச் சுருக்க அதிபர் உத்தரவு போட்டபோதும், எதிர்த்து வாதாடியவர்கள் எடுத்துக்காட்டியது இந்தச் சமையல்காரரின் பெயரைத்தான்.

வென்ற பிறகாவது அவரை நிம்மதியாக விட்டார்களா? 1901இல் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் அவரை மறுபடி கைது செய்தார்கள். சட்டவிரோதமாக நாட்டில் இருக்கும் சீனர் என்பது குற்றச்சாட்டு. தன் பெயரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உள்ள மனிதர், ஜாமீன் கட்டி, தான் குடிமகன் என்பதை முதலிலிருந்து மறுபடியும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

நன்றி, வணக்கம்.