படிவத்தில் அகப்படாத கிராமம்

எல்லோருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிராமம் வெள்ளத்தையோ புயலையோ தாக்குப்பிடிக்குமா என்று மதிப்பிடப் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படிவத்தோடு போகிறார்கள். சுகாதார நிலையம் இருக்கிறதா? இருக்கிறது. ஜெனரேட்டர்? இருக்கிறது. குடிநீர்த் தொட்டி, பாலம், செல்போன் கோபுரம், தன்னார்வலர் குழு எல்லாமே இருக்கிறது. டிக் அடித்து, மதிப்பெண் போட்டு, தயார்நிலை நன்று என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை.

காரணம், அந்தப் படிவம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மோட்டார் ஓடாது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. தண்ணீர் இல்லாத சுகாதார நிலையம் எவ்வளவு நேரம் தாங்கும்? அங்கே இருக்கும் தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தாக வேண்டும். செல்போன் கோபுரம் பேட்டரி இருக்கும்வரை ஓடும், அது தீர்ந்ததும் எச்சரிக்கைச் செய்தியும் நின்றுவிடும். சரி, ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதற்கான டீசல் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அந்தப் பாலமாக இருக்கலாம், அதையும் தாண்டிப் போனால் பெட்ரோல் பங்க்கில் டீசல் இறைக்கும் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. படிவத்தில் தனித்தனி வரிகளாக இருந்தவை எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் விழும்.

அமைப்புமுறைச் சிந்தனை என்பது இந்தத் தொடர்புகளைப் பார்ப்பதுதான். 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பொறியாளர் ஜே ஃபாரஸ்டர் தொழிற்சாலைகளில் வரும் ஏற்ற இறக்கங்களை இந்தக் கோணத்தில் ஆராயத் தொடங்கினார். 1973இல் சூழலியலாளர் ஹோலிங், ஒரு அமைப்பு ஆடாமல் அசையாமல் இருப்பது வேறு, அடி வாங்கியும் கலைந்துபோகாமல் இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். பல வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லாத ஊர் வலுவான ஊர் என்று அர்த்தமில்லை, அதைச் சோதிக்கும் சந்தர்ப்பம் இன்னும் வராமல் இருக்கலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது மனிதர்கள் விஷயம். தன்னார்வலர் குழுக்களின் பெயர்களை வாங்கி ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். சிறிய ஊர்களில் தீயணைக்கவும், ஆம்புலன்ஸ் ஓட்டவும், நிவாரண முகாமைத் திறக்கவும் அதே நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஐந்து குழுக்கள் என்று எழுதியிருக்கும், கூப்பிட்டால் வருவது ஒரே குழு. அதோடு முடிவதில்லை. இளைஞர்கள் வேலை தேடி வெளியே போகப் போக மிச்சமிருப்பவர்கள் மேல் சுமை ஏறுகிறது, சுமை தாங்காமல் அவர்களிலும் ஒருவர் விலகுகிறார், உடனே மற்றவர்களின் சுமை இன்னும் கூடுகிறது. தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் சுழல் இது. மெதுவாக நடப்பதால் எந்த ஆண்டின் படிவத்திலும் தெரியாது.

வங்காள விரிகுடாக் கரையைப் பாருங்கள். 1970 புயலில் இன்றைய பங்களாதேஷில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1972இல் தன்னார்வலர்களைக் கொண்ட புயல் தயார்நிலைத் திட்டம் தொடங்கியது. ஆனாலும் 1991இல் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். மக்கள் ஒதுங்கப் புயல் காப்பகங்கள் போதவில்லை என்பது உண்மை, ஆனால் எச்சரிக்கை கிடைத்தும் வீட்டை விட்டுக் கிளம்பாதவர்களும் நிறைய. மாட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது, வீட்டில் திருட்டுப் போனால் என்ன செய்வது, முன்பின் தெரியாத ஆண்கள் நடுவே பெண்கள் எப்படி இரவைக் கழிப்பது, இவையெல்லாம் அவர்களைத் தடுத்தன. பிறகு கட்டிய பல காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறை வந்தது, கால்நடைகளுக்கு உயரமான மேடு வந்தது. 2007 சிதர் புயலில் இறந்தவர்கள் சில ஆயிரம் பேர். புயல்கள் ஒன்றுக்கொன்று வேறுதான், அந்தச் சில ஆயிரமும் பெரிய துயரம்தான். ஆனாலும் மாட்டுக்கான மேடு மனித உயிரைக் காப்பாற்றும் என்பது சிமெண்ட் கட்டடங்களை மட்டும் எண்ணுகிறவருக்குத் தோன்றியே இருக்காது.

வெளியிலிருந்து வரும் உதவியையும் இப்படிப் பார்க்க வேண்டும். நிவாரணப் பொருள் இலவசமாக வந்துகொண்டே இருந்தால் உள்ளூர்க் கடை வியாபாரம் இல்லாமல் மூடிவிடும், அடுத்த முறை சாலை துண்டிக்கப்படும்போது ஊருக்குள் இருப்பு இருக்காது. உதவி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முடிந்த பொருளை அந்தக் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள் என்கிறேன்.

அப்புறம், இந்தத் தொடர்புகளை யார் வரைவது? வெளியிலிருந்து வந்த நிபுணர் தனியாக வரைந்தால் பாதி விட்டுப்போகும். தண்ணீர் திறந்துவிடுபவர், செவிலியர், கடைக்காரர், பள்ளி வண்டி ஓட்டுநர், படுக்கையில் இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்பவர் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஒரு பெரிய தாளில், எது நின்றால் எது நிற்கும், எத்தனை மணி நேரத்தில் நிற்கும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அந்த மணிக்கணக்கு ரொம்ப முக்கியம், எதை முதலில் சரிசெய்வது என்பதை அதுதான் காட்டும். தாளில் அதிகமான கோடுகள் வந்து சேரும் இடத்துக்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்யுங்கள், அது பம்பாகவும் இருக்கலாம், ஒரு மனிதராகவும் இருக்கலாம். பிறகு முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டு, நோயாளிகளுக்குத் தேவையானதை உறுதிசெய்துகொண்டு, ஒரு நாள் மெயின் மின்சாரம் இல்லாமல் ஊரை நடத்திப் பாருங்கள். தாளில் விட்டுப்போன கோடுகளை அன்று சாயங்காலமே சேர்த்துவிடலாம்.