வெளியேறாமலே விலக முடியும்

அவையோருக்கு வணக்கம்.

"அமெரிக்கா நேட்டோவை விட்டு வெளியேறிவிடுமா?" அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த அந்த ராணுவக் கூட்டணியைப் பற்றி இந்தக் கேள்வியே இன்று உலகெங்கும் கேட்கப்படுகிறது. என் கணிப்பில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. முறைப்படி வெளியேறுவது கடினம். வெளியேறாமலே விலகுவது மிக எளிது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான நேட்டோ ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவுப்படி, விலக விரும்பும் நாடு ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தனிச் சட்டமோ, அதன் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ இல்லாமல் எந்த அதிபரும் விலகக் கூடாது என்று 2023 டிசம்பரில் அமெரிக்கா சட்டமும் செய்துவிட்டது. ஆக, வாசல் பூட்டியிருக்கிறது.

ஆனால் புகழ்பெற்ற 5ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதப்படும். அதன்பின் ஒவ்வொரு நாடும் "தான் தேவையெனக் கருதும்" நடவடிக்கையை எடுக்கும். படை அனுப்புவது அதில் ஒரு வழி, அவ்வளவே. போரில் இறங்கும் முடிவு தன் கையை மீறிப் போய்விடக் கூடாது என்று அன்றைய செனட் பிடிவாதமாக இருந்ததால் வந்த வாசகம் இது. அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒருமுறைதான் நடைமுறைக்கு வந்தது: 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவுக்காக. நேட்டோவின் அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள் ஏழு மாதம் அமெரிக்க வானைக் காத்தன. வாஷிங்டனில் இதை நினைவுகூர்பவர்கள் குறைந்துவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆக, கூட்டணியின் பலம் காகிதத்தைவிடக் களத்தில் நிற்கும் படையிலேயே இருக்கிறது. அந்தப் படையைக் குறைக்கும் எண்ணமும் புதிதல்ல. 1971இல் செனட்டர் மான்ஸ்ஃபீல்ட், ஐரோப்பாவிலிருந்த மூன்று லட்சம் துருப்புகளைப் பாதியாக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 61க்கு 36 என்று தோற்றது. 2011இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், தங்கள் பாதுகாப்புக்குப் போதிய செலவு செய்யாத நாடுகளுக்காக அமெரிக்கா என்றும் செலவழித்துக்கொண்டிருக்காது என்று பிரஸ்ஸல்ஸில் கடுமையாக எச்சரித்தார். டிரம்ப் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். ஐரோப்பாவைவிடச் சீனாவே பெரிய கவலை என்பதில் அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளுக்கும் அதிகக் கருத்து வேறுபாடு இல்லை.

சரி, அமெரிக்கா விலகினால் எது குறையும்? துப்பாக்கி ஏந்திய வீரர்கள் ஐரோப்பாவிடம் ஏராளம். அவர்களைப் போரிட வைக்கும் பின்புலந்தான் இல்லை. 2011இல் நேட்டோ லிபியாவில் குண்டுவீசியபோது அது வெளிப்பட்டது. விமானங்களுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் வேலையில் பெரும்பகுதியை அமெரிக்காவே செய்தது. பதினோரு வாரத்தில் பல நேச நாடுகளில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2025 மார்ச்சில் உக்ரைனுக்கு உளவுத் தகவல் தருவதை அமெரிக்கா சில நாள் நிறுத்தியது. அதற்கு எந்த ஒப்பந்தத்தையும் கிழிக்க வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அணு ஆயுதத்திலும் இதே சிக்கல். பிரான்சிடம் ஏறத்தாழ 290 அணுகுண்டுகளும் பிரிட்டனிடம் 225ம் உள்ளன. ஆனால் பிரிட்டனின் டிரைடன்ட் ஏவுகணைகள் அமெரிக்காவோடு பொதுவான இருப்பிலிருந்து வருபவை. பராமரிப்பும் ஜார்ஜியா மாநிலத்தின் கிங்ஸ் பே தளத்தில்.

பணம் வருகிறது. 2014 வேல்ஸ் மாநாட்டில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடுவோம் என்றவர்கள், 2025 ஹேக் மாநாட்டில் 2035க்குள் 5 சதவீதம் என்றார்கள்: நேரடி ராணுவச் செலவுக்கு 3.5, சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு 1.5. அந்த 1.5ஐக் கணக்குக் காட்டும் தந்திரம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 60 டன்னைத் தாண்டும் டாங்கியை ஜெர்மனியிலிருந்து லித்துவேனியா உள்ளிட்ட பால்டிக் நாடுகளுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வழியிலுள்ள பல பாலங்கள் எடை தாங்காது. ஒவ்வொரு எல்லையிலும் தனி அனுமதி வேண்டும். ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் ரயில் பாதை லித்துவேனியாவின் கவுனாஸோடு முடிகிறது. அதற்கப்பால் ரஷ்ய அகலமான 1,520. அங்கே சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். இத்தனையும் போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் இடையே, ரஷ்யப் பகுதியான கலினின்கிராடுக்கும் ரஷ்யாவின் நேச நாடான பெலாரஸுக்கும் நடுவில் சிக்கிய சுவால்கி இடுக்கைக் கடந்து.

பணத்தால் உடனே வாங்க முடியாதவையும் உண்டு. உக்ரைனுக்கு ஓராண்டில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் வாக்களித்தது. கெடு முடிந்தபோது ஏறத்தாழ பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய முட்டுக்கட்டை வெடிமருந்து. குண்டை உந்தித் தள்ளும் மருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அதற்குப் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறுநார் வேண்டும். அது பெருமளவு சீனாவிலிருந்து வருகிறது. பல்லாண்டுக் கொள்முதல் ஒப்பந்தம் கையில் இல்லாமல் எந்த ஆலையும் புதிய உற்பத்தி வரிசையைத் தொடங்காது. எனவே ஒப்பந்தம் முதலில், மூலப்பொருள் அடுத்து, ஆலை அதற்குப் பின். இந்த வரிசை மாறினால் ஒதுக்கிய நிதி செலவாகாமல் கிடக்கும்.

2025 இறுதியில் நிறைவேறிய அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டம், ஐரோப்பாவிலுள்ள துருப்புகளை 45 நாளுக்கு மேல் 76,000க்குக் கீழே குறைக்க நிபந்தனைகள் விதிக்கிறது. நல்லது. ஆனால் அது தலைகளை எண்ணும் சட்டம். ஒரு காலாட்படைப் பிரிவு நாடு திரும்பினால் ஜெர்மானியரோ போலந்தினரோ அந்த இடத்தை நிரப்பலாம். லித்துவேனியாவில் ஜெர்மனி நிலைநிறுத்திவரும் 45ஆம் படைப்பிரிவு அதற்குச் சான்று. வரும் ஏவுகணைகளை வானிலேயே வீழ்த்தும் பேட்ரியாட் தளங்களும், எரிபொருள் விமானங்களும், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் குழுக்களும் திரும்பினால் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. அந்த இடம் நிரம்ப ஆண்டுகள் ஆகும்.