கறுவாத் தண்ணீர் குடித்தால் கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்தலாமா?

ஹட்டன் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது, மலையில் கொழுந்து எடுக்கிறவர், 8 வருடமாகச் சீனி வருத்தம். இரண்டு மாதமாகக் கறுவாப்பட்டை அவித்த தண்ணீரும், கொத்தலா ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் மரக்குவளையில் இரவு ஊற்றி வைத்த தண்ணீரும் குடிக்கிறாராம். அதோடு கொலஸ்ட்ரோலுக்குக் கொடுத்த அட்டோவஸ்டட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். டிரைகிளிசரைட் என்கிற இரத்தக் கொழுப்பு 280இலிருந்து 190க்கு இறங்கியிருக்கிறது, இப்படியே விடலாமா சேர் என்கிறார்.

சரி தங்கச்சி, ரிப்போர்ட்டையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் எல்.டி.எல். வரியைப் பாருங்கள். முன்பு 92, இப்போது 151. இரத்தக் குழாயில் போய்ப் படிகிற கொழுப்பு அதுதான். மாத்திரையை விட்டதால் ஏறியிருக்கிறது.

அப்புறம் டிரைகிளிசரைட் எப்படி இறங்கியது? கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுவதையும் விட்டுவிட்டார் என்று. நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றாலே 40 கிராம் சீனி. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் கொழுப்பு அமிலங்கள் ஈரலுக்கு வந்துகொண்டே இருக்கும். சீனியும் சேர்ந்தால் ஈரல் எல்லாவற்றையும் டிரைகிளிசரைட்டாக மாற்றி இரத்தத்தில் விடும். ஆகவே இந்த இறக்கத்தில் பெரும்பங்கு சீனியை விட்டதற்குத்தான் என்பது என் எண்ணம். விடியற்காலைக் குளிரில் வெறும் சாயம் குடித்துவிட்டு மலைக்கு ஏறுவது லேசான காரியமில்லை. அம்மாவிடம் நான் பாராட்டினேன் என்று சொல்லுங்கள்.

கறுவா பற்றிய பேச்சுக்கெல்லாம் முக்கிய காரணம் 2003இல் பாகிஸ்தானில் சீனி வருத்தமுள்ள 60 பேரிடம் செய்த ஆய்வு. நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் என்று 40 நாள் கொடுத்தார்கள். டிரைகிளிசரைட் 23 முதல் 30 வீதம், எல்.டி.எல். 7 முதல் 27 வீதம் குறைந்தது. ஆனால் அங்கே கொடுத்தது காசியா என்ற வேறு வகைக் கறுவா, நம் இலங்கைக் கறுவா இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே பலன் கிடைக்கவுமில்லை. காசியாவில் கூமரின் என்ற இரசாயனம் அதிகம், கூடுதலாகச் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தாள் போல மெல்லிய சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் நம்முடையது, தடித்த ஒற்றைப் பட்டை என்றால் காசியா.

கொத்தலா ஹிம்புட்டில் உள்ள சலசினோல், மாவுச்சத்தைச் சீனியாக உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. சோற்றுக்குப் பின் சீனி ஏறுவது மெதுவாகும். ஆனால் எல்.டி.எல்.லுக்கு அது மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. இன்னொரு பயமும் இருக்கிறது. சீனி மாத்திரையோடு இதுவும் சேர்ந்து சீனி மளமளவென்று இறங்கினால், சரிவில் கூடையோடு நிற்கிற அம்மாவுக்குத் தலை சுற்றும்.

கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே டொக்டரைப் பார்த்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். போகும்போது அந்த மரக்குவளையையும் பட்டையில் ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். என்ன குடிக்கிறார், எவ்வளவு குடிக்கிறார் என்று டொக்டருக்கும் தெரியவேண்டும்.