கிஃப்ட்: ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

('ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணைநிற்பது அதன் வேரா, இன்றைய வழக்கா?' என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், 'வேரே' என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கைதட்டலை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்ன கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஆங்கிலேயர் ஒருவர் அழகான பெட்டியின் மேல் 'கிஃப்ட்' என்று எழுதி, ஜெர்மானிய நண்பரிடம் நீட்டுகிறார். நண்பர் பதறிப் பின்வாங்குகிறார், ஏனென்றால் ஜெர்மன் மொழியில் கிஃப்ட் என்றால் நஞ்சு. அதே பெட்டியை ஸ்வீடன்காரரிடம் நீட்டினால், "பெட்டிக்குத் திருமணம் ஆகிவிட்டதா?" என்று கேட்கிறார், ஏனென்றால் அங்கே கிஃப்ட் என்றால் மணமானவர். நான்கே எழுத்து, மூன்று நாடு, மூன்று பொருள். ஆகவே வேரைத் தோண்டி என்ன பயன், வழக்கைப் பாருங்கள் என்று முடித்தார்.

நல்ல கதைதான். ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார். அந்த ஸ்வீடன்காரரும் பதறியிருப்பார் ஐயா! ஸ்வீடிஷ் மொழியில் கிஃப்ட் என்றால் மணமானவர் என்றும் பொருள், நஞ்சு என்றும் பொருள். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. டேனிஷ் மொழியிலும் நார்வே மொழியிலும் அதே இரட்டைப் பொருள். இதை வைத்துக் கணவன் மனைவி வேடிக்கை சொல்லாத ஆளே அந்த நாடுகளில் இருக்க மாட்டார். நான் அதை மறுபடியும் சொல்லி உங்களைச் சோதிக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்வீடன் அரசு தன் நாட்டுச் சுற்றுச்சூழலுக்கு 16 குறிக்கோள்களை வகுத்திருக்கிறது. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே 'கிஃப்ட் அற்ற' என்ற அடைமொழி இருக்கிறது. நஞ்சற்ற சுற்றுச்சூழல் என்பது கருத்து. வழக்கு என்ற ஒற்றைச் சாவியோடு நம் எதிரணித் தலைவர் ஸ்டாக்ஹோமில் போய் இறங்கினால், நாட்டையே பிரம்மச்சாரிகள் ஆளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பார்.

இப்போது வேருக்கு வருகிறேன். 'கொடு' என்பதற்கு ஆங்கிலத்தில் கிவ், ஜெர்மன் மொழியில் கேபென். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் கிஃப்ட், அதாவது கொடுத்தல், கொடுக்கப்பட்டது. இது யாரோ உட்கார்ந்து கற்பனை செய்த உறவு இல்லை. ஆங்கிலத்தில் ட்ரைவ் என்ற வினையிலிருந்து ட்ரிஃப்ட் வருகிறது, த்ரைவ் என்பதிலிருந்து த்ரிஃப்ட் வருகிறது, கிவ் என்பதிலிருந்து கிஃப்ட் வருகிறது. ஜெர்மன் பக்கம் போனால், எழுதுவதற்கு ஷ்ரைபென், எழுத்துக்கு ஷ்ரிஃப்ட். கொடுப்பதற்கு கேபென், அதன் பெயர்ச்சொல் கிஃப்ட். பகுதி, விகுதி பிரித்துப் படித்த நமக்கு இது கண்ணை மூடிக்கொண்டே விளங்கும். வினையின் இறுதியில் உள்ள வகரமோ பகரமோ 'ட்' என்ற விகுதிக்கு முன்னால் 'ஃப்' ஆகிறது. விதி இருக்கிறது என்பதால்தான் இதை வேர் என்கிறோம். விதி இல்லாவிட்டால் அது வெறும் ஒலி ஒற்றுமை.

இந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணித் தலைவரின் மூன்று பொருளையும் பாருங்கள். பரிசு என்பது கொடுத்த பொருள், அதில் சிக்கல் இல்லை. மணமானவர்? மணம் செய்து கொடுக்கப்பட்டவர். ஸ்வீடிஷ் மொழியில் மகளை மணமுடித்துக் கொடுப்பதற்கு இன்றும் இதே சொல்லிலிருந்து வந்த வினைதான். "அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறோம்" என்று பேசும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

ஆங்கிலத்துக்கும் திருமணத்துக்கும் என்ன தொடர்பு என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருந்தது. அன்று அதன் பொருள் பிறந்தநாள் பரிசு இல்லை. மணமகளுக்காகக் கொடுக்கும் விலை! அதைப் பன்மையில் சொன்னால் திருமணம்! அன்று அதை இங்கிலாந்தில் 'யிஃப்ட்' என்று யகரம் வைத்து உச்சரித்தார்கள். பிறகு ஸ்காண்டிநேவியாவிலிருந்து வைக்கிங்குகள் என்ற கடலோடிகள் வந்து குடியேறினார்கள், அவர்களுடைய நார்ஸ் மொழியின் அழுத்தமான ககரம் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை: ககரத்தைக் கொடுத்த ஸ்காண்டிநேவியரில் ஸ்வீடன்காரர்கள் பின்னாளில் தாங்களே 'யிஃப்ட்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆக, இங்கிலாந்தும் ஸ்வீடனும் பொருளில் வடதுருவம் தென்துருவம் என்று எதிரணி சொல்கிறதே, இரண்டும் ஒரு காலத்தில் ஒரே கல்யாணப் பந்தலில் இருந்தவை. வழக்கைப் பார்த்தால் இது தெரியுமா?

சரி, நஞ்சுக்கு வருவோம், அங்கேதான் எதிரணி உறுதியாக நிற்கிறது. கொடுப்பதும் கொல்வதும் எப்படி ஒன்றாகும் என்பது அவர்கள் கேள்வி.

கிரேக்க மருத்துவர்கள் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை 'டோசிஸ்' என்றார்கள். டோசிஸ் என்றால் கொடுத்தல், அவ்வளவுதான். அதுதான் லத்தீன் வழியாக ஐரோப்பா முழுவதும் போய், இன்று நம் மருத்துவர் சொல்லும் 'டோஸ்' ஆகியிருக்கிறது. (இந்த டோசிஸும், ரத்த தானம் என்கிறோமே, அந்தத் தானமும் ஒரே வேரில் பிறந்தவை. கிரேக்கமும் சமஸ்கிருதமும் தூரத்து உறவு.) இந்த டோசிஸைப் பின்பற்றியே ஜெர்மானியர்கள் தங்கள் 'கொடுத்தல்' என்ற சொல்லைக் கொடுக்கப்படும் மருந்துக்கும், பிறகு கொல்லும் மருந்துக்கும் பயன்படுத்தினார்கள் என்பதே அறிஞர் பலரின் விளக்கம். நஞ்சு என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் கூசும். 'கொடுத்துவிட்டான்' என்று சொன்னால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். இடைக்கால ஜெர்மன் மொழியில் 'கொடு' என்ற வினைக்கே ஒரு முன்னொட்டைச் சேர்த்து 'நஞ்சு வை' என்ற பொருளில் வழங்கினார்கள். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1924இல் இந்த இரட்டைப் பொருளைப் பற்றி ஒரு சிறு கட்டுரையே எழுதினார். பண்டை ஜெர்மானியரிடையே முதன்மையான கொடை என்பது பானம். நீட்டிய கிண்ணத்தில் என்ன கலந்திருக்கிறது என்ற அச்சம் வாங்குபவருக்கு எப்போதும் உண்டு என்றார் அவர். இரண்டில் எந்த விளக்கத்தை ஏற்றாலும் வேர் கொடுத்தல்தான்.

ஜெர்மன் மட்டும் தனியாகச் செய்த குறும்பு என்றும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நஞ்சைக் குறிக்கும் பாய்சன் என்ற சொல், லத்தீனில் வெறும் 'குடிக்கும் பானம்'. லத்தீனில் நஞ்சுக்கு உள்ள வெனேனும் என்ற சொல் காதல் தெய்வமான வீனஸின் வேரைச் சேர்ந்தது. முதலில் அது வசிய மருந்து. நம் ஊரிலும் வசியத்துக்குச் சோற்றில் எதையாவது கலந்துவிட்டால், 'மருந்து வைத்துவிட்டாள்' என்றுதானே சொல்கிறார்கள்? வைத்தது என்ன என்று யாரும் வாய் திறப்பதில்லை.

என் கட்சிக்கு ஒரு சாட்சியை அழைக்கிறேன். பாராசெல்சஸ், சுவிட்சர்லாந்தில் பிறந்த மருத்துவர். 1538இல் தன்னைக் குறை சொன்னவர்களுக்குப் பதிலாக ஜெர்மன் மொழியில் எழுதினார்: எல்லாப் பொருளும் கிஃப்ட், கிஃப்ட் இல்லாதது எதுவும் இல்லை, ஒரு பொருளைக் கிஃப்ட் ஆகாமல் காப்பது டோசிஸ் மட்டுமே. நஞ்சா இல்லையா என்பதை அளவே முடிவு செய்கிறது என்ற இந்தக் கருத்தை இன்றும் நச்சியல் படிப்பவர்கள் முதல் பாடமாகப் படிக்கிறார்கள். வழக்கைக் கொண்டு படித்தால், நஞ்சும் அளவும் எதிரெதிரே நிற்கின்றன. வேரைக் கொண்டு படித்துப் பாருங்கள்! கிஃப்ட் என்பதும் கொடுத்தல், டோசிஸ் என்பதும் கொடுத்தல். ஒரே வாக்கியத்தில் கொல்லும் கொடை ஜெர்மன் உடையிலும் காக்கும் கொடை கிரேக்க உடையிலும் நிற்கின்றன. பாராசெல்சஸ் அதை எண்ணி எழுதினாரோ இல்லையோ, வேர் தெரிந்தவனுக்கு அந்த வாக்கியம் இரண்டு மடங்கு பேசுகிறது.

பழைய பொருள் செத்துவிட்டது என்கிறார்களே, சாகவில்லை. ஜெர்மன் மொழியில் வரதட்சணைக்கு 'மிட்கிஃப்ட்' என்று பெயர். மிட் என்றால் 'கூட'. கூடவே கொடுத்தனுப்புவது. கிஃப்ட் என்றால் நஞ்சு என்று மட்டும் படித்தவர் இதைக் 'கூட வரும் நஞ்சு' என்று மொழிபெயர்ப்பார். (அவையில் சிரிப்பைப் பார்த்தால், அந்த மொழிபெயர்ப்பும் தவறில்லை என்று தோன்றுகிறது!) இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள். ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அலி என்று ஒரு பால் உண்டு. கொடை என்ற பழைய பொருளில் கிஃப்ட் பெண்பால். நஞ்சு என்ற பொருள் முற்றிய பிறகு அது அலிப்பாலுக்கு மாறிவிட்டது. ஆனால் வரதட்சணையான மிட்கிஃப்ட் மட்டும் இன்றும் பெண்பாலிலேயே நிற்கிறது. ஜெர்மானியச் சிறுவன் பள்ளியில் இதைக் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்கிறான். காரணம் வேரில் இருக்கிறது.

நெதர்லாந்துக்காரர்கள் விவரமானவர்கள். அங்கே கிஃப்ட் என்றால் நன்கொடை. நஞ்சுக்குக் கடைசி டகரத்தை வெட்டிவிட்டு 'கிஃப்' என்று வைத்துக்கொண்டார்கள். வருமான வரிக் கணக்கில் 'கிஃப்ட்' என்று எழுதிக் கழிவு கேட்கலாம். ஜெர்மன் அதிகாரி அதைப் பார்த்தால் காவல் துறைக்குத் தகவல் கொடுப்பார்.

நடுவர் மணியின் மேல் கை வைக்கிறார். எதிரணி கடைசியாக வீசிய அம்புக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். 'மோஸ்ட்' என்ற சொல்லைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் 'மிகுதியான'. ஜெர்மன் மொழியில் பழச்சாறு அல்லது பழமது. செக், போலிஷ், ரஷ்ய மொழிகளில் பாலம். ஹங்கேரிய மொழியில் 'இப்போது'. ஒரு சொல்லுக்கு நான்கு பொருள், எந்த வேரால் இதை இணைப்பீர்கள் என்று கேட்டார்கள்.

இணைக்க மாட்டோம் ஐயா! இது ஒரு சொல் என்று யார் சொன்னது? ஆங்கில மோஸ்டுக்கு ஜெர்மன் மொழியில் உடன்பிறப்பு 'மைஸ்ட்', மோஸ்ட் இல்லை. ஜெர்மன் மோஸ்ட், புதுத் திராட்சை மதுவைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து கடனாக வந்தது. ஆஸ்திரியாவில் பேரிக்காயில் செய்யும் இந்த மோஸ்டின் பெயரையே தாங்கிய ஒரு வட்டாரம் இருக்கிறது. பாலத்தைக் குறிக்கும் மோஸ்ட், செக்கியர், போலந்துக்காரர், ரஷ்யர் அடங்கிய ஸ்லாவியருடைய சொந்தச் சொல். போஸ்னியாவின் மோஸ்தார் நகரம் பாலம் காத்தவர்களால் பெயர் பெற்றது. 1566இல் கட்டிமுடித்து, 1993 போரில் இடிந்து, 2004இல் மீண்டும் எழுந்த அந்தப் பாலத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். செக் நாட்டில் மோஸ்ட் என்றே ஓர் ஊர் உண்டு. நிலக்கரி எடுப்பதற்காக 1975இல் தங்கள் பழைய தேவாலயத்தையே தண்டவாளத்தில் ஏற்றி 841 மீட்டர் நகர்த்தியவர்கள் அந்த ஊரார். தலைப்புக்கு அது சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஹங்கேரியமோ மற்ற மொழிகள் எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தையே சேராதது.

நான்கு வேர், நான்கு சொல். தற்செயலாக ஒரே எழுத்துக்கூட்டு. கிஃப்ட்டைப் பார்த்து மூன்று சொல் என்றார்கள், அது ஒன்று. மோஸ்டைப் பார்த்து ஒரு சொல் என்றார்கள், அது நான்கு. வழக்கை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை சொல் என்று எண்ணக்கூட முடியவில்லையே!

கடையில் போய்ப் பொருள் வாங்க வழக்கு போதும். அதை நான் மறுக்கவில்லை. ஜெர்மனியில் மண்டை ஓடு படம் போட்ட புட்டியின் மேல் கிஃப்ட் என்று எழுதியிருந்தால் நானும் வேர் பார்க்க நிற்க மாட்டேன். ஆனால் இன்றைய தலைப்பு புட்டி வாங்குவதைப் பற்றியது இல்லை, சொல்லைப் புரிந்துகொள்வதைப் பற்றியது.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி வைக்கிறேன். செக் மொழியில் பாலம் 'மோஸ்ட்', பழச்சாறு 'மோஷ்ட்'. ஒரு சகரம்தான் வேறுபாடு. ஒன்று அவர்கள் பாட்டன் சொத்து, மற்றொன்று ஜெர்மானிய அண்டை வீட்டிலிருந்து வாங்கியது. எது எது என்பதை, வேரைத் தொடாமல், வழக்கை மட்டும் வைத்து அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும் என்பதால் என் நேரத்தில் மீதியை அவருக்கே தருகிறேன், நடுவர் அவர்களே. அது எந்த மொழி கிஃப்ட் என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

வணக்கம்.